ஒச்சாயிக்கு இல்லாத நோய்

ஒச்சாயி பதினாலாம் நம்பர் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னது ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் அவர் கால்மாட்டில் டேப்லெட் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளியிடமும் ஆறு கேள்வி கேட்டு, சிரிக்கிற முகமா, சும்மா இருக்கிற முகமா, அழுகிற முகமா என்று ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும். காலையில் ஓ.பி. சீட்டுப் போடும் கம்ப்யூட்டரில் உட்காருவதும், கூட்டம் குறைந்ததும் வார்டுக்குள் போய் இந்த முகங்களைக் காட்டுவதும்தான் மேலக்கண்மாய்ப்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் என் வேலை. ஒப்பந்த வேலை. அடுத்த புதன்கிழமை தரச்சான்று கொடுக்கும் குழு வருவதாக இருந்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது சிரித்திருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

“மொதல்ல இதை வாசி,” என்று ஒச்சாயி டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார். “இங்கிலீசுல எழுதியிருக்காக. தமிழ்ல சொல்லு.”

வாசித்தேன். காய்ச்சல், வாந்தி, இரண்டும் சரியாகிவிட்டன. அதற்குக் கீழே, செவ்வாய்க்கிழமை காலை வலிப்பு வந்தது, வலிப்பு நோயாக இருக்கலாம், மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்க்கவும். கடைசி வரிக்கு வரும்போது என் குரல் இறங்கிவிட்டது. நெருப்பு, தண்ணீர், இயந்திரம் ஆகியவற்றின் பக்கத்தில் வேலை செய்யக் கூடாது.

“நெருப்புன்னா அடுப்பா?”

“ஆமாம்மா.”

“நான் பள்ளிக்கூடத்துல சத்துணவுச் சமையக்காரி. அடுப்புப் பக்கம் போகாம என்னத்தச் சமைக்க? ஒரு வாரம் லீவுக்கு இந்தச் சீட்டத்தான் அமைப்பாளரம்மாகிட்டக் குடுக்கணும். குடுத்த அன்னைக்கே என்னை வெளிய நிறுத்திருவாக.”

அவர் சீட்டைத் திருப்பி வாங்கி நான்காக மடித்தார். “எனக்கு வலிப்பு நோயி இல்ல. எனக்குச் சுகரே இல்ல, ஆனா சுகர் ஊசி போட்டாக. அதுலதான் இழுத்துச்சு. அதை எழுதச் சொல்லு. எழுதுற வரைக்கும் நான் இறங்கல.”

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்த ஊர் விக்கிரமங்கலம், வாழ வந்த ஊர் பெருங்குளம்பட்டி. வீட்டுக்காரர் பெயர் காளை, ஆடு மேய்க்கிறார், அதிகம் பேச மாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து ஒச்சாயி பேசிவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். ஒரே மகள் தமிழ்ச்செல்வியை வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பெருங்குளம்பட்டி நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஒச்சாயிதான் சமைக்கிறார்.

நான் எந்த ஊர், யார் மகள் என்று முதல் நாளே கவுன்டரில் விசாரித்துவிட்டார். அப்பா பெயர் அசோக்குமார் என்றேன். போதவில்லை. அப்பாவைப் பெற்றவர் பெயர் கேட்டார், எந்தச் சாமி கும்பிடுகிறோம் என்று கேட்டார், விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். “அப்ப நான் உனக்கு அத்த முறை வேணும்,” என்றார். நான் அவரை அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் கூப்பிட்டால் வேலை ஓடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அவரைப் பற்றி ஊரில் சொல்கிற ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கு வந்த முட்டையில் பாதி கெட்டுப்போயிருந்தது. அமைப்பாளர் போன் செய்தார், தலைமையாசிரியர் எழுதிப் போட்டார், பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒச்சாயி அறுபது முட்டையை அட்டையோடு சேலைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடைசி ஜன்னலுக்கு அனுப்பினார். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரியின் மேஜையில் வைத்து, “ஒண்ணு உடைச்சுத் தரவா, சாப்பிட்டுப் பாக்குறீகளா?” என்று கேட்டாராம். மறுநாள் மதியத்துக்குள் நல்ல முட்டை வந்துவிட்டது. நான் கேட்டபோது அதிகாரி சாப்பிட்டாரா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. “அது அவுக மானம், நமக்கெதுக்கு,” என்றார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவரும் பக்கத்துக் கட்டில்காரர்களும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் பாண்டீஸ்வரி ஊசித் தட்டோடு வந்திருக்கிறார்.

“ஒச்சாயி யாரு?”

“நாந்தேன்.”

“வீட்டுக்காரர் பேரு காளையா?”

“ஆமா.”

“சேலைய விலக்குங்க, வயித்துல போடணும்.”

“காச்சலுக்கு வயித்துலயா ஊசி?”

“சுகருக்கு.”

“எனக்குச் சுகர் இல்லம்மா.”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. மூணு வருசமா இன்சுலின் போடுறீக.”

“யாரு, நானா? வேண்டாம்மா. எனக்கு இல்ல.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீக. சுகர் இருக்குன்னு ஒத்துக்கிட்டா கௌரவம் போயிரும் போல. அசையாம இருங்க.”

முந்தின நாள் முழுக்க வாந்தி எடுத்த வயிறு. ஒரு வாய் கஞ்சிகூட உள்ளே இல்லை. ஒன்பது மணிக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது, கை கால் வெட்டி இழுத்தது. டூட்டியில் இருந்த இளம் டாக்டர் அஸ்வத் ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். அந்தக் கால் மணி நேரமும் நான் ஐம்பதடி தள்ளி, கவுன்டரில், ஒரு பெரியவரின் ஆதார் நம்பரைத் தப்பில்லாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் ஸ்யாமளா வந்தார். மதுரையிலிருந்து தினமும் வருகிறவர். கெட்டவர் இல்லை. சிசேரியன் செய்த பெண்கள் எழுந்து நடக்கிறவரை வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். அன்று கையில் தரச்சான்றுக் கோப்பு இருந்தது.

“நீங்க பிழைச்சு உட்கார்ந்திருக்கீங்கம்மா. அதைப் பாருங்க.”

“பாத்தேன். சின்ன டாக்டரு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டேன், நல்லா இருங்கய்யான்னு. இது வேற விசயம்.”

“வலிப்பு வந்தது உண்மைதானே? வந்ததைத்தான் எழுதியிருக்கோம்.”

“ஒருத்தர் தள்ளிவிட்டு நான் விழுந்தா, காலு நொண்டின்னு எழுதுவீகளா?”

யாரோ ஒரு கட்டிலில் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “ஊசி மாறிப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க. கேஸ் ஷீட்ல உங்க பேர்ல இன்சுலின் எழுதியிருக்கு. எழுதியிருக்கிறதைத்தான் சிஸ்டர் போட்டாங்க. சரி, ஒண்ணு செய்யறேன். வேலை செய்யத் தகுதியானவர்னு தனியா ஒரு கடிதம் தர்றேன். வாங்கிட்டுக் கிளம்புங்க.”

எனக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணால் சொன்னேன். ஒச்சாயி மடித்த சீட்டை எடுத்துக் காட்டினார்.

“அந்தத் தாளும் இருக்கும், இந்தத் தாளும் இருக்கும். இல்லியா? என் வேலைக்குப் பதினோரு பேரு மனுப் போட்டு உக்காந்திருக்காக. என்னை ஆகாத ஒருத்தி வந்தா இதுல எந்தத் தாள எடுத்துக் காட்டுவா?”

டாக்டர் கோப்பை மூடினார். கட்டில் வேண்டும், அடுத்த நோயாளி வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நோயாளி பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். கடலைக் காட்டில் பாம்பு கடித்த ஒரு பெண். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் ஒச்சாயி தானே இறங்கி, போர்வையைச் சுருட்டிக்கொண்டு, வார்டு வாசலை ஒட்டிய சுவரோரம் பாயை விரித்து உட்கார்ந்தார். வாட்ச்மேன் முத்துக்கருப்பன் வந்து, “அதான் எந்திரிச்சுட்டீகள்ல, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடையக் கட்ட வேண்டியதுதான,” என்றார்.

“கட்டில விட்டேன்ணே. ஆஸ்பத்திரிய விடல.”

மத்தியானம் வார்டுக்குள் சாப்பாடு பரிமாறும்போது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு கிடையாது, சீட்டுப்படி அவர் வீட்டுக்குப் போய்விட்டவர். காளை தூக்குவாளியில் ரசஞ்சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஏன் சுகர் என்று வந்தது என்று நான் கேட்டேன். அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

“அதை என்கிட்டக் கேக்குறியே,” என்றார் ஒச்சாயி. “என் பள்ளிக்கூடத்துல மூணு நல்லகாமன் இருக்கான். ஒருத்தன் கிழக்குத்தெரு, ஒருத்தன் கம்மாக்கரை, ஒருத்தன் கொண்டக்காரவீடு. கொண்டக்காரவீட்டுப் பயலுக்கு முட்டை தின்னா உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். மூணு வருசமா சோறு போடுறேன். ஒருநாள் மாத்திப் போட்டதில்ல. எங்கிட்டக் கம்ப்யூட்டரா இருக்கு? எந்த வீடுடான்னு கேப்பேன், அம்புட்டுத்தான்.”

திங்கட்கிழமை நான் அவரிடம் அதைக் கேட்டேனா என்று யோசித்தேன்.

எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரை மூத்த பிள்ளைக்கு வைப்பது வழக்கம். ஒச்சாண்டம்மனைக் கும்பிடுகிற வீடுகளில் ஒச்சாயி இல்லாத வீடு குறைவு. காளையும் நல்லகாமனும் அப்படியே. அதனால்தான் பெயர் சொன்னால் போதாது. ஆண் என்றால் எந்த வீடு என்றும், வாழ வந்த பெண் என்றால் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்றும் கேட்போம். விக்கிரமங்கலத்தா, கருமாத்தூரா என்று பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். என் தெருவிலேயே நான்கு ஒச்சாயி. என் பெரியம்மா பெயர் ஒச்சாயி. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுந்து கவுன்டருக்குப் போனேன். அவருடைய நோயாளி எண்ணைத் திறந்தேன். ஒச்சாயி, வயது 48, கணவர் காளை, பெருங்குளம்பட்டி ஊராட்சி. அதே எண்ணில் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் காலில் புண்ணோடு அட்மிட் ஆகி ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்தார். அவரும் ஒச்சாயி, அவர் கணவரும் காளை. அதே ஊராட்சியில் இன்னொரு குக்கிராமம். திங்கட்கிழமை முந்நூறு பேர் வரிசையில் நின்றபோது, விக்கிரமங்கலத்து ஒச்சாயியின் பெயரை அடித்ததும் பழைய பதிவு வந்திருக்கிறது. நான் ‘பழைய நோயாளி’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இவர் ஏற்கெனவே உள்நோயாளி, தொடரவா என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அதையும் வாசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தியிருக்கிறேன். மற்றவருடைய சுகரும் இன்சுலினும் இவருடைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அச்சாகி வார்டுக்குப் போயிருக்கின்றன.

மதுரையில் கல்லூரியில் கடைசி வருடம் நான் ஒரு பிராஜக்ட் எழுதினேன். பதிவேடுகள் கம்ப்யூட்டருக்கு வந்தால் மனிதத் தவறு குறையும் என்று நாற்பது பக்கம். கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் பைண்டிங் போட்டோம். முதல் பட்டதாரி என்று அப்பா அதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். எங்கள் ஊர்க்காரி கவுன்டரில் இருந்தால் எங்கள் ஜனங்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் என்னை எடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன் போலிருக்கிறது.

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். எண்ணைப் பிரித்துப் புதுப் பதிவு போட்டுவிட்டால் தடம் தெரியாது, அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. பிறகு பாயருகே போய் நின்று, அத்தை என்று கூப்பிட்டேன். முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒச்சாயி என்னையே பார்த்தார். காளை எழுந்து வெளியே போய்விட்டார்.

“பொறந்த ஊரு எதுன்னு கேக்கலையே நீயி,” என்றார் ஒச்சாயி. “நம்ம புள்ள, நமக்குத் தெரிஞ்ச புள்ளன்னு நான் பாட்டுக்குப் பேரச் சொல்லிட்டு வந்துட்டேன். வேற ஊருக்காரப் பொண்ணா இருந்தாலாவது ரெண்டு தடவ கேட்டிருக்கும்.”

“தப்புதான் அத்தை.”

“தப்புன்னு எனக்குச் சொல்லி என்ன செய்ய? அதையும் எழுது.”

“எழுதினா எனக்கு வேலை போயிரும்.”

“எழுதலேன்னா எனக்குப் போயிரும். நீ இருபத்து மூணு. எனக்கு வேற எவன் அடுப்பத் தருவான்?”

அதற்கு மேல் அவர் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்ததாகக் கேட்டது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று. “அந்த இன்னொருத்திக்குப் போட வேண்டிய ஊசிய எனக்குப் போட்டுட்டாகளே. அப்ப அவளுக்கு?”

ஆறாம் நம்பர் கட்டிலில் கருமாத்தூர் ஒச்சாயி காலைத் தூக்கித் தலையணையில் வைத்துப் படுத்திருந்தார். மெலிந்தவர், கேட்டால்தான் பேசுவார். செவ்வாய்க்கிழமை காலை ஊசி போட்டார்களா என்று கேட்டோம்.

“போடல,” என்றார் மெதுவாக. “மறந்துட்டாக. நாம எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு கண்ண மூடிக்கிட்டுக் கம்முனு கிடந்தேன். எனக்கு ஊசின்னா பயம். மத்தியானம் சோதிச்சாக, சுகரு நானூத்துக்கு மேல போயிருச்சு. ஒளிச்சு வச்சு இனிப்புத் தின்னியான்னு கேட்டு அம்புட்டுப் பேரு முன்னாடியும் வைஞ்சாக.”

“தின்னியா?”

“இல்லக்கா. சத்தியமா.”

விக்கிரமங்கலத்து ஒச்சாயி என் பக்கம் திரும்பினார். “பாத்தியா பாப்பா. ஒரு ஒச்சாயிக்கு நோயி. ஒரு ஒச்சாயி திருடி. ஆஸ்பத்திரி மட்டும் சுத்தம்.”

அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு வார்டுக்குள் வந்தபோது ஒச்சாயி பாயில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். “யாரும் வாயத் தொறக்காதீக. எந்த ஊருன்னு அவுக கேக்கட்டும். கேட்டு, சீட்டப் பாத்துட்டுக் குடுக்கட்டும்.” முதலில் பாம்புக்கடிப் பெண்ணின் தாய் வாயை இறுக்க மூடிக்கொண்டார். பிறகு எட்டாம் கட்டில், ஒன்பதாம் கட்டில். வார்டில் மட்டும் அன்று மூன்று பாண்டீஸ்வரி இருந்தார்கள், சிஸ்டரைச் சேர்க்காமல்.

சிஸ்டர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நேராகப் பாய்க்கு வந்தார். பதினாறு மணி நேரம் வேலை பார்த்த முகம். இரண்டு பேர் லீவு, அவர் ஒருவரே முப்பது கட்டிலுக்கும். கண் கலங்கியிருந்தது.

“நான் என்ன, வேணும்னா போட்டேன்?”

“இல்ல,” என்றார் ஒச்சாயி. “நான் வேண்டாம்னு சொன்னப்ப போட்டீக.”

சிஸ்டர் மேஜைக்குத் திரும்பினார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போய், “உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் கடைசிக் கட்டில் வரை கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டரின் அறைக்கு மூன்று பேர் போனோம். கருமாத்தூர் ஒச்சாயி வரமாட்டேன் என்றுதான் சொன்னார். “நீ பேச வேண்டாம், பக்கத்துல நில்லு. ரெண்டு பேரு இருக்கோம்னு தெரியணும்ல,” என்று விக்கிரமங்கலத்தார் அவரைத் தோளில் தாங்கி நொண்ட வைத்துக் கூட்டிவந்தார். நான் இரண்டு கேஸ் ஷீட்டையும் மேஜையில் வைத்தேன். ஒரே எண், அதனால் ஊசிப் பட்டியலில் ஒரே ஒரு ஒச்சாயி. ஒன்றில் டாக்டர் அஸ்வத் செவ்வாய்க்கிழமை அவசரத்தில் ஓரமாகக் கிறுக்கியிருந்த ஒரு குறிப்பு இருந்தது. வலிப்பு வந்த நேரத்தில் சுகர் முப்பத்தெட்டு. அவரே எழுதி, அவரே அதை மறந்து, டிஸ்சார்ஜ் சீட்டில் வலிப்பு நோய் என்று சந்தேகப்பட்டிருந்தார்.

ஸ்யாமளா டாக்டர் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தரச்சான்றுக் கோப்பை ஓரமாக நகர்த்தினார்.

“இதை அப்படியே எழுதினா பாண்டீஸ்வரிக்கு மெமோ போகும். இந்தப் பொண்ணு வேலையும் நிக்கும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

அவர் அதை மிரட்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஒச்சாயி என் பக்கம் திரும்பவே இல்லை.

“பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பாவந்தான் ரெண்டு பேரும். ஆனா நான் மெமோவா கேட்டேன்? எவளையும் வெளிய அனுப்புங்கன்னா கேட்டேன்? என் தாள்ல எனக்கு இல்லாத நோயி இருக்கு. அதை எடுங்க. ஏன் வந்துச்சுன்னு எழுதுங்க. அவுகள என்ன செய்யிறதுங்கிறது உங்க பாடு. அதையும் என் தலையில வைக்காதீக.”

கருமாத்தூர் ஒச்சாயி திடீரென்று வாயைத் திறந்தார். “நான் இனிப்புத் தின்னல டாக்டரம்மா.” அவ்வளவுதான் சொன்னார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். பழைய சீட்டைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்தார். புதிதாக எழுத முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் அஸ்வத்தைக் கூப்பிட்டு ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பதிவில் நடந்தது என் தவறு என்று நான் தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

ஒச்சாயி புதுச் சீட்டை வாங்கியதும் கிளம்பவில்லை. வார்டுக்கு நடுவில் நின்று, சத்தமாக வாசி என்றார். வாசித்தேன். பதிவில் ஏற்பட்ட குழப்பத்தால், நீரிழிவு நோய் இல்லாத இந்த நோயாளிக்கு, அவர் மறுத்த பிறகும், வேறொருவருக்கான இன்சுலின் தவறுதலாகச் செலுத்தப்பட்டது. அதனால் சர்க்கரை அளவு இறங்கி வலிப்பு ஏற்பட்டது. இவருக்கு வலிப்பு நோய் இல்லை. எந்த வேலையும் செய்யலாம்.

“அவர் மறுத்த பிறகும்னு இருக்கா? டாக்டரு அதை எழுதியிருக்காகளா, நீயாச் சேத்துக்கிட்டியா?”

“எழுதியிருக்காங்க அத்தை.”

“இன்னொரு தடவ வாசி.”

மறுபடி வாசித்தேன். கட்டில்களில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பதினாலாம் கட்டிலில் பாம்பு கடித்த பெண்கூடக் கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒச்சாயி சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்யாமளா டாக்டர் வாசலில் நின்று, “இப்பத் திருப்தியாம்மா?” என்று கேட்டார்.

“திருப்தி என்ன டாக்டரம்மா. எனக்கு வர வேண்டியது வந்துச்சு. இந்தக் கருமாத்தூராளத் திட்டுனவுக வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அது பாக்கி,” என்று சொல்லிவிட்டுக் காளையின் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நடந்தார். பாண்டீஸ்வரி சிஸ்டர் அன்று மத்தியானம் ஆறாம் கட்டிலுக்குப் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த ஏஜென்சி ஒரு மாதம் நிறுத்திவைத்தது. அதன் பிறகு எடுப்பார்களா என்று சொல்லவில்லை. வீட்டில் அப்பா, “நீயா எதுக்கு எழுதிக் குடுத்த?” என்று ஒரே கேள்வியை வேறு வேறு விதமாக நான்கு நாள் கேட்டார். ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்றுக் குழு வருகிற புதன்கிழமை, பஸ் ஏறிப் பெருங்குளம்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சமையல்கூடம் பள்ளிக்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே. கதவு திறந்திருந்தது. பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒச்சாயி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நீளக் கரண்டியால் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தார். அமைப்பாளரம்மா சீட்டை வாங்கி, மூன்று தடவை வாசித்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாராம்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்றேன். என் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன்.

அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

“கோபம் இருக்கு. செத்துப்போயிருப்பேன் பாப்பா, அது லேசா? நாளாகும். நீ எழுதிக் குடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டும் இருக்கட்டும்.” நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்தார். “சாப்பிடாமப் போகக் கூடாது. இப்பத் தள்ளி நில்லு, அண்டாவ இறக்கப் போறேன்.”

பழைய துணியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். உதவிக்கு வந்த பெண் ஒரு பக்கம் பிடிக்க, குனிந்து, கொதிக்கிற அண்டாவை அடுப்பிலிருந்து தூக்கினார்.